ரோமப் பேரரசியின் கொண்டையைத் தாங்கியது எது?

ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். மணப்பெண்ணின் ஜடையில் பூச்சரத்தை ஊசி நூலால் தைத்திருப்பதைக் கவனித்ததுண்டா? தைத்த பூ எளிதில் நழுவாது. நமக்குப் பழக்கமான இந்த உத்தி, ரோமானியப் பளிங்குச் சிலைகள் எழுப்பிய ஒரு கேள்விக்கும் விடை தந்திருக்கிறது.

ரோமப் பேரரசிகளின் பளிங்குச் சிலைகள் பலவற்றில் பெயர் இல்லை. அவர்களை அடையாளம் காணக் கூந்தல்தான் முக்கியத் தடயம். பேரரசியின் பெயரும் பக்கவாட்டு முகமும் பொறித்த நாணயங்களோடு ஆய்வாளர்கள் சிலையை ஒப்பிடுவார்கள். அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு நெற்றிக்கு மேல் முடிச்சுப்போல் சுருட்டிய முடி. கி.பி. 193 முதல் 211 வரை ஆண்ட செப்டிமியஸ் செவரஸின் மனைவி ஜூலியா டோம்னாவுக்கு இருபுறமும் அலையலையாக இறங்கும் முடி. பின்னால் அகன்ற கொண்டை.

இவ்வளவு பெரிய அலங்காரம் எப்படி நின்றது? பொய்முடியாகவே இருக்கும் என்று பலர் கருதினார்கள்.

2001இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஜூலியா டோம்னாவின் சிலையைப் பார்த்தார் ஜேனட் ஸ்டீபன்ஸ். அவர் பேராசிரியர் அல்லர், சிகையலங்காரத் தொழிலாளி. சிலையைச் சுற்றிவந்து பார்க்க முடிந்ததால், பின்னலின் அமைப்பு அவர் கண்ணில் பட்டது. அதே கொண்டையைப் போட்டுப் பார்த்தார். கொண்டை ஊசியால் அதைத் தாங்க முடியவில்லை.

பிறகு பழைய நூல்களைப் புரட்டினார். கூந்தல் அலங்காரம் பற்றி வரும் இடங்களில் ‘ஆகுஸ்’ என்ற லத்தீன் சொல் இருந்தது. நம் ‘ஊசி’யைப் போலவே அதுவும் கொண்டை ஊசி, தையல் ஊசி இரண்டையும் குறிக்கும். மொழிபெயர்த்தவர்கள் கொண்டை ஊசி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டீபன்ஸ் தையல் ஊசியை எடுத்தார். பின்னல்களை நூலால் தைத்தார். கொண்டை அசையாமல் நின்றது, அதுவும் சொந்த முடியிலேயே! இந்த ஆய்வு 2008இல் ரோமானியத் தொல்லியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது.

ரோமில் பொய்முடியும் புழக்கத்தில் இருந்ததுதான். ஆனால், எல்லாவற்றையும் பொய்முடி என்று தள்ளிவிட்டால், தினமும் பேரரசியின் தலையை வாரிப் பின்னித் தைத்த பணிப்பெண்களின் கைத்திறன் மறைந்துபோகும். அவர்களில் பலர் அடிமைகள். பேரரசிக்குச் சிலை உண்டு; அவர்களுக்கு இல்லை. அவர்கள் வேலைக்குச் சாட்சியாக நிற்பது அந்தப் பளிங்குக் கொண்டைதான்.

அருங்காட்சியகத்தில் இப்படியொரு சிலையைக் கண்டால், முகத்தோடு நின்றுவிடாதீர்கள். பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.