கணவர் பாஸ்புக்கில் ரூ.436 பிடித்தமா? ரூ.2 லட்சம் கிடைக்கும்

சிவகாசி:
வீட்டுக்காரர் திடீரென இறந்துவிட்டால், காரியச் செலவுக்கே வட்டிக்குக் கைநீட்டும் நிலைதான் இங்கு பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கும். அவரது பாஸ்புக்கை எடுத்துப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் தோணுவதில்லை.

முதலில் அதை வங்கியில் கொடுத்து என்ட்ரி போட்டு வாங்க வேண்டும். மே கடைசியில் ரூ.436 பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 2015-ல் தொடங்கியபோது ரூ.330 ஆக இருந்த பிரீமியம் 2022-ல் கூடியது. நோயில் இறந்தாலும் ரூ.2 லட்சம் உண்டு. ரூ.20 பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. விபத்துச் சாவுக்கு மட்டும் ரூ.2 லட்சம். இரண்டும் இருந்து, விபத்தில் இறந்திருந்தால் ரூ.4 லட்சம்.

பிடித்தம் ஜூன் 1 முதல் மறு வருஷம் மே 31 வரைதான் செல்லும். கணக்கில் காசில்லாமல் அந்த வருஷம் பிடிக்காமல் போயிருந்தால் ஒன்றும் கிடைக்காது.

கணவர் கணக்கு வைத்திருந்த கிளையிலேயே கிளைம் படிவம் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, நாமினியின் ஆதார், பாஸ்புக் நகல் தேவை. விபத்து என்றால் எப்.ஐ.ஆர்., பிரேத பரிசோதனை அறிக்கையும் சேர்க்கணும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை.

கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவர் என்றால் நாமினியாக அம்மா பெயர் இருக்கலாம். ஆள் நன்றாக இருக்கும்போதே மாற்றிவைக்கச் சொல்வதில் தப்பில்லை.

‘நான் வாங்கித் தர்றேன்’ என்று வரும் புரோக்கர்களுக்கு கமிஷன் கொடுக்க வேண்டாம். படிவத்துக்கு காசு கிடையாது.