ஆறு மணி நேரம் பொறு!

வா கண்ணு, உட்கார். "ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்க எதுக்கு மாமா பன்னிரண்டு நாடு?" என்று கேட்டாயே, சபாஷ்! பெரியவர்களுக்கே தோன்றாத கேள்வி அது.

முதலில் நோயைப் பற்றிச் சொல்கிறேன். வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்கு அடியில் கல்லீரல் இருக்கிறது. சில சின்னக் குழந்தைகளுக்கு அதில் ஒரு புற்றுக்கட்டி வரும். பெயர் ஹெப்படோபிளாஸ்டோமா. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வந்துவிடும். பயப்படாதே, ஒட்டுவாரொட்டி இல்லை. ரொம்ப அபூர்வமும்கூட. பத்து லட்சம் பிள்ளைகளில் வருஷத்துக்கு ஒருவர், இருவருக்குத்தான் வரும்.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றுவார்கள். கட்டி சுருங்கும். பிறகு அறுவை செய்து எடுத்துவிடுவார்கள். மிச்சக் கல்லீரல் தானே வளர்ந்துகொள்ளும். கெட்டிக்கார உறுப்பு!

சிஸ்பிளாட்டினில் பிளாட்டினம் இருக்கிறது. ஆமாம், நகைக்கடையில் விற்கிற அதே உலோகம்தான். கட்டியை அடக்குவதில் கில்லாடி. ஆனால் காதுக்குள் ஒரு வம்பு செய்யும். அங்கே ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்பும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. இந்த மருந்து அவற்றைக் கொன்றுவிடும். போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற ஒலிகள். குருவிச் சத்தம் போகும், 'பஸ்' என்பதில் வரும் 'ஸ்' போகும். பேசப் பழகுகிற வயதில் 'ஸ்' காதிலேயே விழவில்லை என்றால், குழந்தை அதை எப்படிச் சொல்லும்?

இதுவரை புரிந்ததா? சரி.

சோடியம் தயோசல்ஃபேட் என்று ஓர் உப்பு. அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோவில் இருட்டறைக்குள் 'ஹைப்போ' என்று வைத்திருப்பார்களே, அதுதான். உன் தாத்தாவைக் கேள், சொல்வார். அதற்குப் பிளாட்டினத்தைப் பிடித்து முடக்கும் குணம் உண்டு. அப்படியென்றால் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாமா? கொஞ்சம் யோசி.

கூடாது! கட்டியைத் தொடுவதற்கு முன்பே மருந்து முடங்கிப்போகும். அதனால் சிஸ்பிளாட்டின் ஏற்றி முடித்து ஆறு மணி நேரம் பொறுத்து இதைக் கொடுக்கலாம் என்று யோசித்தார்கள். அதற்குள் கட்டியில் நடக்க வேண்டிய வேலை நடந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரிதானா? இங்கேதான் உன் கேள்வி வருகிறது. தோட்டத்தில் இரண்டு மாமரம். ஒன்றுக்குப் புது உரம் போடுகிறாய். அது நிறையக் காய்க்கிறது. உரத்தாலா, அந்த மரமே அப்படித்தானா? இரண்டு மரத்தை வைத்துச் சொல்ல முடியாது. தோப்பு வேண்டும். அபூர்வ நோய்க்கு ஒரே நாட்டில் தோப்புக்கு எங்கே போவது?

அதனால் 12 நாட்டு மருத்துவர்கள் கைகோத்தார்கள். லண்டனைச் சேர்ந்த டாக்டர் பெனலோப் பிராக் முன்நின்றார். இத்தாலியும் ஜப்பானும் சேர்ந்துகொண்டன. 2007இல் தொடங்கி, ஏறக்குறைய ஏழு வருஷம் காத்திருந்து சேர்த்த பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 109! யாருக்கு உப்பு, யாருக்கு இல்லை என்று டாக்டர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கல் மாதிரி ஒரு முறையில் பிரித்தார்கள். அப்புறமும் அவசரப்படவில்லை. கைக்குழந்தைக்குக் காதைச் சரியாகச் சோதிப்பது கஷ்டம். மூன்றரை வயதாவது ஆகட்டும் என்று காத்திருந்தார்கள்.

2018இல் முடிவு வந்தது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. உப்பும் பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குத்தான். முக்கியமான விஷயம், இந்த உப்பால் கட்டிக்கான வைத்தியம் கெட்டதாகத் தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாக இருந்தார்கள். 2022இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த ஆறு மணி நேரம்தான். பொருள் பழசு, நேரம்தான் புதுசு!

33 என்பதும் சின்ன எண் இல்லையே என்கிறாயா? பலே, கவனித்துவிட்டாய். டாக்டர்களும் விடவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து, இந்த முடிவு வருவதற்கு முன்பே, 2017இல் இன்னொரு பெரிய ஆய்வைத் தொடங்கியிருந்தன. நோய் கடுமையாக இல்லாத பிள்ளைகளுக்கு ஆறு தடவை சிஸ்பிளாட்டின் வேண்டுமா, நான்கு தடவை போதுமா என்பது அதில் ஒரு கேள்வி. ஏன் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீயே சொல், பார்க்கலாம்.