கடைசி வரிசையில் அமரும் ஆசிரியர்

ஆண்டுதோறும் கல்வியியல் கல்லூரிகளிலிருந்து இளைஞர் பலர் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளை நாடி வருகின்றனர். 2014-ஆம் ஆண்டின் தேசிய விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக உயர்த்தி, அதில் குறைந்தது 20 வாரங்களைப் பள்ளிப் பயிற்சிக்கென ஒதுக்கின. அவ்வாரங்களில் அவர்களுக்குத் துணைநிற்பவரே வழிகாட்டி ஆசிரியர். வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து கவனிக்கும் அப்பணி எளிதென்றே நாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருத்தியது ஒரு கணக்குப் பாடம்.

ஆறாம் வகுப்பு. அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டுமாறு கேட்டார் பயிற்சி ஆசிரியை. "ஐந்தில் இரண்டு" என்றான் ஒரு சிறுவன். மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியே கூட்டிவிட்டான். "தவறு" என்று கூறிச் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆசிரியை அடுத்த கணக்கிற்கு விரைந்தார். நமக்குப் பொறுக்கவில்லை. எழுந்து சென்று, சுண்ணக்கட்டியை வாங்கி, நாமே விளக்கினோம். பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஆனால் அதன்பின் ஆசிரியை எதைச் சொன்னாலும், அது சரிதானா என்று பிள்ளைகளின் கண்கள் கடைசி வரிசையை நோக்கித் திரும்பின.

மாலையில் அவர் கண்கலங்கி நின்றார். "டீச்சர், பிள்ளைகள் இனி என்னை நம்பமாட்டார்கள். நாளை முதல் நான் வரவில்லை" என்றார்.

ஒரு கணக்கைத் திருத்தப்போய் ஓர் ஆசிரியையையே இழக்கவிருந்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அன்றிரவு மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் நினைவிற்கு வந்தது. ஆண்டவர் பன்னிருவரையும் இருவர் இருவராக அனுப்புகிறார். அவர்கள் திரும்பிவந்து, தாங்கள் செய்ததையும் கற்பித்ததையும் கூறுகின்றனர். அவரோ அவர்களைத் தனிமையான ஓரிடத்திற்கு அழைத்துச் செல்கிறார். ஆசிரியர்களின் பாதுகாவலராக 1950-இல் அறிவிக்கப்பெற்ற புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சாலும், அளவுமீறிப் பேசும் ஆவலைப் புதிய ஆசிரியர்களிடமிருந்து நீக்கவேண்டும் எனக் கருதினார். அக்குறை வழிகாட்டியிடமே மிகுந்திருந்ததைக் கண்டு நாணினோம்.

மறுநாள் முதல் முறையை மாற்றினோம். பாடத்திற்கு முன் இருவரும் அமர்ந்து பாடக்குறிப்பைப் பார்ப்போம். வகுப்பில் நம் பேனா மட்டுமே பேசும். பாடம் முடிந்தபின் தனியே, "பிள்ளைகள் எங்கே தடுமாறினர்?" என்று கேட்போம், முதலில் அவரே சொல்வார். பின்னர் நன்றாயிருந்த ஒன்றையும் திருத்தவேண்டிய ஒன்றையும் நாம் கூறுவோம், அதற்குமேல் இல்லை.

சில நாட்களில் அவரே அக்கணக்கிற்குத் திரும்பினார். சம நீளமுள்ள இரு பட்டைகளை வரைந்து, "அரை பெரிதா, ஐந்தில் இரண்டு பெரிதா?" என்றார். "அரை!" என்றனர். "அப்படியானால், அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டியபின் எப்படிக் குறையும்?"

வகுப்பில் நெடிய அமைதி. எழுந்துவிடத் துடித்த நாம் இருக்கையைப் பற்றிக்கொண்டோம். அதே சிறுவன் எழுந்தான். "டீச்சர், துண்டுகள் ஒரே அளவாக இருந்தால்தானே கூட்டமுடியும்?" என்றான். பட்டைகளை ஆறாகப் பிரித்தனர், மூன்றும் இரண்டும் ஐந்து, ஆறில் ஐந்து. இம்முறை எந்தக் கண்ணும் பின்னால் திரும்பவில்லை.

பெற்றோரே, "புது டீச்சர் வந்திருக்கிறார்" என்று உங்கள் பிள்ளை சொல்லும்போது, "பயிற்சிக்கு வந்தவர்தானே" என்று கூறிவிடாதீர்கள். குடும்பச் செபத்தில் அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்காகவும் செபியுங்கள். பொறுமையாய் இருக்க அவருக்கும் அருள் வேண்டும்.