எழுத்திலிருந்து சொற்றொடருக்கு

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, அம்மையநாயக்கனூரை அடுத்து அமைந்துள்ளது கொடைரோடு. கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் பலர் புகைவண்டியினின்று இறங்கும் இடம் இது. இந்நிலையத்தின் பெயர்ப் பலகையைப் படிக்க முயலும் சிறு குழந்தைக்கு முதல் எழுத்திலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. 'கொ' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. நாவில் முதலில் எழுவதோ ககர ஒலி. அடுத்து வரும் 'டை' என்பதும் அத்தகையதே. கண் காணும் முறை வேறு. செவி கேட்கும் முறை வேறு. இவ்விரண்டையும் இணைப்பதே படிப்பின் முதற்படி.

தமிழில் எழுத்துகள் 247 ஆயினும், அவை அனைத்தையும் கற்ற பின்னரே சொற்றொடரைத் தொடவேண்டும் என்பதில்லை. ட, ப, ம என்னும் மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்கள் பிறக்கும். துணைக்காலைச் சேர்த்தால் பாடமும் மாடமும் தோன்றும். அ, வ என்னும் இரண்டையும் கூட்டினால், 'அம்மா வா' என்னும் தொடரே அமைந்துவிடும். தான் அன்றாடம் பேசும் பேச்சு ஏட்டிலும் இருப்பதைக் காணும் குழந்தை பெரிதும் மகிழும்.

குழந்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கும்போது, இறுதிச் சொல்லை அடைவதற்குள் முதற்சொல்லை மறந்துவிடுதல் இயல்பு. ஆதலின், தொடரை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் படிக்கச் செய்தல் வேண்டும்.

சில குழந்தைகள் வரியை விரலால் தொட்டுக்கொண்டே மனப்பாடமாக ஒப்பிப்பதும் உண்டு. அதனைப் படிப்பு என்று கருதிவிடலாகாது. 'அம்மா மல்லிகை வாங்கினாள்' என்பதை 'அக்கா மல்லிகை வாங்கினாள்' என மாற்றி எழுதிக் காட்டினால் உண்மை விளங்கும். ஒப்பிக்கும் குழந்தை 'அம்மா' என்றே கூறும். படிக்கும் குழந்தை 'அக்கா' என்னும். 'மல்லிகை வாங்கியவள் யார்?' என்ற வினாவிற்கும் விடை கூறினால், பொருளும் புரிந்தது என்று அறியலாம்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் தமிழகமெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, இப்பயிற்சி தடைப்பட்டது. அக்குறையைப் போக்க, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் குழந்தைகளின் இருப்பிடத்திற்கு அருகிலேயே கற்பித்தனர். 2022இல், முதல் மூன்று வகுப்புகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டமும் வந்தது.

இளமையில் படிக்கத் தடுமாறும் குழந்தைக்குக் கணக்கும் அறிவியலும்கூட எட்டாக் கனியாகிவிடும். அதற்கு உதவப் பெரும் புலமை வேண்டுவதில்லை. பிழை கண்டு நகையாத பொறுமையும், நாள்தோறும் சிறிது நேரமும் போதும். இவை வீட்டிலுள்ள தமையனும் தமக்கையும் எளிதில் தரத்தக்கவையே.