யாருடைய சொல் எடுபடுகிறது?

(தவக்காலம் 4ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை. நற்செய்தி: யோவான் 9:1-41)



பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்கு ஆண்டவர் பார்வை தருகிறார். நடந்ததை அவரைவிட நன்கு அறிந்தவர் யாருமில்லை. ஆனாலும் பரிசேயர் அவரைத் திரும்பத் திரும்ப விசாரிக்கிறார்கள். பெற்றோரோ அஞ்சி ஒதுங்குகிறார்கள். கடைசியில், பாவத்தில் பிறந்தவன் எங்களுக்குக் கற்பிப்பதா என்று கேட்டு அவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அவர் சொன்னதில் பிழையில்லை. சொன்னவர் பிச்சையெடுத்தவர் என்பதுதான் அவர்களுக்கு இடறல்.

நம் நொய்யலிலும் இதுவே நடந்தது. துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறையச் சேர்க்க வேண்டும். 1990களில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பு அப்படியே ஆற்றில் போனது. பாசனத்திற்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணற்று நீர் கெட்டதை உழவர்கள் நாவாலேயே அறிந்தார்கள். ஆனால் ஏற்றுமதி வருமானத்தைப் பேசப் பல மேடைகள் இருந்தன. கரிக்கும் கிணற்றைப் பற்றிப் பேச மேடை இல்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரை அறவே வெளியேற்றக் கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது கூலித் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். உண்மையைக் காலம் தாழ்த்திக் கேட்டதன் சுமையும் எளியவர் தலையிலேயே விழுந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' திருமடலின் 49ஆம் எண்ணில் இதற்கான காரணத்தைக் காட்டுகிறார்: கருத்தை உருவாக்குவோரும் முடிவெடுப்போரும் பெரும்பாலும் ஏழைகளிடமிருந்து வெகு தொலைவில் வாழ்கிறார்கள்.

அன்பானவர்களே, மங்கலத்தில் நம்மில் பலர் வீட்டு அடுப்பு எரிவது பனியன் தொழிலால்தான். எனவே அந்தப் பெற்றோரின் அச்சம் நமக்கும் உண்டு. வேலை போகுமோ, முதலாளி கோபிப்பாரோ என்று அறிந்ததையே அறியாததுபோல் இருந்துவிடுகிறோம். நம் அன்பியக் கூட்டத்திலும் யார் பேசினால் உடனே தலையாட்டுகிறோம்? செக்கிங் வேலைக்குப் போகும் சகோதரி சொன்னால் அதே கவனத்தோடு கேட்கிறோமா? தமிழ் தடுமாறும் வடமாநிலத் தொழிலாளி சொன்னால்?

வெளியே தள்ளப்பட்டவரை இயேசு தேடிச் சென்று கண்டார். அவர்தான் ஆண்டவரை முதலில் அறிந்துகொண்டார்; எல்லாம் தெரியும் என்றவர்களோ பார்வையற்றவர்களாகவே நின்றார்கள். இவ்வாரம், நாம் இதுவரை செவிகொடுக்காத ஒருவரிடம் சென்று, குறுக்கிடாமல் கேட்போம். அதற்கான துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.