யந்திரத்தின் கண்ணும் சாரதியின் கண்ணும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை, அக்கரைப்பற்றைக் கடந்ததும் நீண்டதொரு கடைத்தெருவைப் போன்று ஆகிவிடுகின்றது. அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இக்கரையோரத்திலே, பள்ளிச் சிறாருக்கும் சைக்கிளை உருட்டிச் செல்வோருக்கும் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் உள்ளது அந்த ஒரே வீதிதான்.

அவ்வீதியிலே இன்று புதுவகைக் கார்களும் ஓடுகின்றன. முன்கண்ணாடியின் பின்னே ஒரு கமரா. முகப்பிலே ஒரு ராடார். எதிரே தடை தென்பட்டால் கார் ஒலியெழுப்பி எச்சரிக்கும். சாரதி அசையாதிருப்பின் தானே பிறேக் பிடிக்கும். இத்தகைய துணை கிடைத்தபின் விபத்துகள் குறைய வேண்டுமன்றோ? குறைகின்றன என்பது உண்மையே. தானியங்கிப் பிறேக் பொருத்திய கார்கள் முன்செல்லும் வாகனத்தின் பின்புறம் மோதுவது ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்ததை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும் மனித மனம் விந்தையானது. ஆபத்துக் குறைந்தது என்று கண்டதும் அது துணிவைக் கூட்டிக்கொள்கின்றது. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இது சோதிக்கப்பட்டது. டாக்சிகள் சிலவற்றுக்குச் சில்லு இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிறேக் பொருத்தப்பட்டது, ஏனையவற்றுக்கு இல்லை. பயணிகளைப் போல ஏறியமர்ந்த அவதானிகள் சாரதிகளின் போக்கைக் குறித்துக்கொண்டனர். நல்ல பிறேக் வாய்த்த சாரதிகள் முன்வண்டியை அதிகமாக நெருங்கினர். வளைவுகளில் வேகமாகத் திரும்பினர். முடிவில் அவர்களது விபத்துகள் குறையவேயில்லை! யந்திரம் அளித்த பாதுகாப்பை அவர்கள் வேகமாக மாற்றிச் செலவிட்டுவிட்டனர்.

கனடாவின் உளவியலறிஞர் ஜெரால்ட் வைல்ட், ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற ஓர் ஆபத்தளவை மனத்தில் வைத்தே வாகனம் ஓட்டுகின்றனர் என்று 1982இல் எழுதினார். இக்கொள்கையை அறிஞர் எல்லோரும் ஏற்றாரல்லர். ஆசனப்பட்டி எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கின்றது. துணிவு கூடியதால் அந்தப் பயன் அழிந்துவிடவில்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். காரின் உள்ளிருப்பவருக்குக் காப்பு உண்டு. அவரது துணிச்சலின் விலையைச் செலுத்துபவர் வெளியே நடப்பவரே.

2018 மார்ச் 18ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் டெம்பே நகரில் தானே ஓடும் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவரை மோதிக் கொன்றது. கண்காணிக்கவென்றே அமர்த்தப்பட்டிருந்தவரின் பார்வை, வீதியில் இராது கைத்தொலைபேசியில் இருந்ததென விசாரணையில் தெரியவந்தது. வேலையின்றி விழித்திருப்பது மனிதருக்கு அரிது; யந்திரத்தை நம்பிய கண் விரைவிலே வேறிடம் தேடும்.

நமது கரையோரத்துக்கு இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. வீதியிலிட்ட கோட்டைப் பார்த்தே கார் தன் வழியறிகின்றது; மணல் மூடினாலோ நெல் உலரப் பரப்பினாலோ அக்கோடு மறைந்துவிடும். மணல் போன்ற உதிரித் தரையில் ஏ.பி.எஸ். பிறேக் கொண்ட வாகனம் நிற்பதற்குக் கூடுதலான தூரமும் தேவைப்படலாம்.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகின்றது. தொலைபேசியை இரண்டே செக்கன் நோக்கினால், 28 மீற்றர் கண்ணை மூடி ஓட்டியதற்குச் சமம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீதியைக் கடக்க அவ்வளவு தூரம் போதுமே!

ஆதலின், புதிய கார் வாங்கும் குடும்பத்தினர் அதன் கருவிகள் எவையெவை, அவை எப்போது செயலற்றுப் போகும் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். பின்னர், அக்கருவிகள் இல்லாத பழைய வண்டியை எவ்வளவு கவனத்துடன் ஓட்டினார்களோ, அதே கவனத்துடன் புதியதையும் ஓட்ட வேண்டும். அப்போதுதான் விஞ்ஞானம் தந்த பாதுகாப்பு, நடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.