சுவரில் பொருத்திய பெட்டியும் வகுப்பறைக் காற்றும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பள்ளி வளாகங்களில், முதன்மைக் கட்டடத்துக்குப் பின்னாலும் விளையாட்டுத் திடலின் ஓரத்திலும் வரிசையாக நிற்கும் இடமாற்று வகுப்பறைகளின் வெளிச்சுவரில், ஓர் ஆளுயரத்துக்கும் அதிகமான இரும்புப் பெட்டி ஒன்று செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் இரு பாதிகளாகச் செய்யப்பட்டு, லாரியில் ஏற்றிவரப்பட்டு, பள்ளி வளாகத்தில் ஒன்றாக இணைக்கப்படும் இந்த வகுப்பறைகளின் வழக்கமான அளவு 24 அடிக்கு 40 அடி. 1996ஆம் ஆண்டில், தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ 20 மாணவர்கள் என்ற கொள்கையை அம்மாநில அரசு நடைமுறைப்படுத்தியபோது, கூடுதல் அறைகளுக்கான தேவை திடீரெனப் பெருகி, இவ்வகை அறைகள் பெரும் எண்ணிக்கையில் வாங்கப்பட்டன. அறையோடு சேர்ந்தே வந்தது அந்தப் பெட்டி. சுவரில் பொருத்தும் பேக்கேஜ் ஏசி என்று குறிப்பிடப்படும் அது, அறையைக் குளிர்விப்பது, குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக்குவது, மாணவர்கள் சுவாசிக்க வெளிக்காற்றைக் கொண்டுவருவது என மூன்று பணிகளுக்குப் பொறுப்பேற்கிறது. மூன்றாவது பணியே எளிதில் மறக்கப்படுகிறது என்பதால், இக்கருவியின் இயக்கமும் பராமரிப்பும் குளிர்ச்சியை மட்டும் வைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல.

பேக்கேஜ் ஏசி என்ற பெயருக்குக் காரணம் எளிது. வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஸ்ப்ளிட் ஏசியில் ஒரு பகுதி அறைக்குள்ளும் மறுபகுதி வெளியிலும் இருக்க, இரண்டையும் செம்புக் குழாய்கள் இணைக்கின்றன. பேக்கேஜ் ஏசியிலோ கம்ப்ரஸர், இரண்டு காயில்கள், இரண்டு விசிறிகள், மின் கட்டுப்பாடுகள் ஆகிய அனைத்தும் ஒரே உறைக்குள் அடங்கிவிடுகின்றன. கேஸ் எனப்படும் குளிர்பதன வாயுவும் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்டு வருகிறது. ஜன்னல் ஏசியும் இதே அமைப்பைக் கொண்டதுதான் என்றாலும், சுவரில் பொருத்தும் இக்கருவி அளவில் பெரியது. 200 கிலோ அளவுக்கு எடையுள்ள இதற்கு ஜன்னல் தேவையில்லை. சுவரில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வெட்டப்பட்ட இரண்டு திறப்புகளில், கீழ்த்திறப்பு வழியாக அறைக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ஃபில்டரையும் குளிர்ந்த காயிலையும் கடந்து, மேல்திறப்பு வழியாக அறைக்குத் திரும்புகிறது. பழுதுபார்ப்பவர் வகுப்பறைக்குள் நுழையாமல் வெளியில் நின்றபடியே தகடுகளைக் கழற்றி வேலை செய்யலாம் என்பது பள்ளிகளுக்கு இது உகந்ததாகக் கருதப்படுவதன் முக்கியக் காரணம்.

உள்ளே நடப்பது வெப்பத்தை இடம் மாற்றும் வேலை. கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சூடாக்கி வெளிப்புறக் காயிலுக்கு அனுப்ப, அங்கே வெளிக்காற்றிடம் வெப்பத்தை இழந்து திரவமாகும் அது, ஒரு குறுகலான வழியைக் கடக்கையில் அழுத்தம் சட்டென்று குறைந்து மிகவும் குளிர்ந்து, உட்புறக் காயிலில் மீண்டும் ஆவியாகும்போது அறைக்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இக்காயிலின் மேற்பரப்பு அறைக்காற்றைவிட வெகுவாகக் குளிர்ந்திருப்பதால், காற்றிலுள்ள ஈரமும் அதன்மீது நீராகப் படிகிறது. ஹீட் பம்ப் வகைக் கருவிகளில், வாயு செல்லும் திசையை மாற்றும் ஒரு வால்வு கூடுதலாக இருப்பதால், குளிர்காலத்தில் இதே கருவி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தருகிறது. குளிரூட்டும் திறன் டன்னில் சொல்லப்படுகிறது. 2,000 பவுண்டு பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவைப்படும் வெப்பத்துக்குச் சமமான அது, ஏறத்தாழ 3.5 கிலோவாட். இடமாற்று வகுப்பறை ஒன்றுக்கு மூன்று முதல் நான்கு டன் கருவி வழக்கம்.

மூன்றாவது பணியின் அளவைக் கணக்கிட்டால் அதன் முக்கியத்துவம் விளங்கும். கலிபோர்னியாவின் கட்டட விதிகள் ஒருவருக்கு நிமிடத்துக்கு 15 கன அடி என்ற அளவில் வெளிக்காற்றை வலியுறுத்தி வந்துள்ளன. முப்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்கு இது நிமிடத்துக்கு 450 கன அடி. எட்டரை அடி உயரக் கூரையுள்ள அறை என்று கொண்டால், அறையின் கொள்ளளவுக்கு ஈடான வெளிக்காற்று ஏறத்தாழ 18 நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே வர வேண்டும். மூன்றரை டன் கருவியின் உள்விசிறி மொத்தமாகத் தள்ளும் காற்றே நிமிடத்துக்கு 1,200 முதல் 1,400 கன அடிதான் என்பதால், அதில் மூன்றில் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பழைய கருவிகள் பலவற்றில் இதற்கென இருப்பது ஒரு சிறிய தொங்கு தகடு மட்டுமே. டேம்பர் எனப்படும் அத்தகடு, விசிறி சுழலும்போது ஏற்படும் உறிஞ்சலால் திறந்துகொள்ளும், விசிறி நின்றால் மூடிக்கொள்ளும். முழு வகுப்புக்குத் தேவையான காற்றை இந்த எளிய ஏற்பாட்டால் கொண்டுவருவது பெரும்பாலும் இயலாது. மோட்டாரால் இயங்கும் டேம்பரும், உள்ளே வந்த அளவுக்கு அறைக்காற்று வெளியேறத் தக்க வழியும் அமைந்த கருவிகளே அதற்கு ஏற்றவை.

விசிறி நின்றால் டேம்பரும் மூடிக்கொள்ளும் என்ற இந்த ஒரு விவரத்திலிருந்தே, தெர்மோஸ்டாட்டில் உள்ள விசிறிப் பொத்தானை எந்த நிலையில் வைப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. ‘ஆட்டோ’ என்ற நிலையில், அறை வேண்டிய குளிர்ச்சியை அடைந்ததும் கம்ப்ரஸரோடு விசிறியும் நின்றுவிடும். இதமான வசந்தகால நாளில் குளிரூட்டலோ சூடாக்கலோ தேவைப்படாததால் விசிறி மணிக்கணக்கில் சும்மா இருக்க, மாணவர்கள் வெளிவிடும் கரியமில வாயு அறையில் தேங்கும். ‘ஆன்’ என்ற நிலையில் விசிறி இடைவிடாது சுழல, கம்ப்ரஸர் மட்டும் தேவைக்கேற்ப நின்று இயங்கும். ஆகவே வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் பொத்தான் ‘ஆன்’ நிலையிலேயே இருக்க வேண்டும். மாநிலத்தின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளும், பணி நேரத்தில் காற்றோட்டக் கருவி தொடர்ந்து இயங்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அது பரிசோதிக்கப்பட வேண்டும், பரிசோதனைப் பதிவுகள் ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று தெளிவாகவே விதித்துள்ளன. வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விசிறியை ஓடவிடுவதும் நல்ல வழக்கம். புதிய மேசை, தரைவிரிப்பு, சுவர்ப்பலகை ஆகியவற்றிலிருந்து இரவெல்லாம் கசிந்து தேங்கிய ஆவிகள் அதற்குள் வெளியேறிவிடும்.

இருந்தும் விசிறி ஏன் நிறுத்தப்படுகிறது? இரைச்சல்தான் காரணம். கலிபோர்னியாவின் காற்றுவள வாரியமும் சுகாதாரச் சேவைகள் துறையும் சேர்ந்து இடமாற்று வகுப்பறைகளை ஆராய்ந்து 2004இல் சட்டமன்றத்துக்கு அளித்த அறிக்கை, கருவியின் சத்தம் தாளாமல் ஆசிரியர்களே அதை அணைத்துவிடுவதைப் பதிவு செய்தது. ஆளில்லாத வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2002இல் வெளியான அமெரிக்கத் தரநிலை கூறுகிறது. கம்ப்ரஸரையே சுவரில் சுமந்துகொண்டிருக்கும் கருவிக்கு அது மிகக் கடுமையான எல்லை. கடைசி வரிசை மாணவனுக்குத் தன் குரல் எட்ட வேண்டும் என்று பொத்தானை அணைக்கும் ஆசிரியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தளர்ந்த திருகு, தேய்ந்த மோட்டார் பேரிங், சமநிலை இழந்த விசிறிச் சக்கரம், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே நைந்துபோன ரப்பர் ஆகியவை சத்தத்தைப் பெருக்குகின்றன. இவை அனைத்தும் பராமரிப்பவர் சரிசெய்யக்கூடியவை. சத்தம் பற்றிய புகாரைக் காற்றோட்டம் பற்றிய புகாராகவே எடுத்துக்கொள்ளும் பள்ளி நிர்வாகம், பாதிப் பிரச்சினையை அங்கேயே தீர்த்துவிடுகிறது.

பராமரிப்பில் முதலிடம் ஃபில்டருக்கு. வெளித்தகட்டுக்குப் பின்னால் இருப்பதால் அறைக்குள் இருப்பவர் எவர் கண்ணிலும் அது படுவதில்லை. எனவே தேதி குறித்து மாற்றும் ஒழுங்கு இல்லையேல் அது மறக்கப்பட்டுவிடும். அடைத்த ஃபில்டர் காற்றின் அளவைக் குறைக்க, போதிய வெப்பம் வந்து சேராத உட்புறக் காயில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்து, அதன்மீது படிந்த ஈரம் பனிக்கட்டியாகி, அந்தப் பனி மிச்சக் காற்றையும் தடுக்க, முடிவில் வெள்ளையாக உறைந்த காயிலைக் கொண்ட கருவி ஓடிக்கொண்டே இருந்தும் அறை குளிர்வதில்லை. இந்நிலையில் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று முடிவு கட்டி வாயுவை ஏற்றுவது அடிக்கடி நேரும் பெரும் பிழை. கம்ப்ரஸரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பனியைக் கரைத்து, ஃபில்டரை மாற்றிய பிறகே மற்றதைப் பார்க்க வேண்டும். ஃபில்டரின் விளிம்பில் அச்சிடப்பட்ட அம்புக்குறி காற்று செல்லும் திசையை, அதாவது காயிலை நோக்கி இருக்க வேண்டும். சட்டத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் தூசி அவ்வழியே புகுந்துவிடும்.

ஃபில்டரின் தரம் மெர்வ் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக்கூட நுண்ணிய தூசியும் பிடிபடும். கொரோனா காலத்துக்குப் பிறகு கலிபோர்னியப் பள்ளிகளில் மெர்வ் 13 ஃபில்டர் வலியுறுத்தப்படுகிறது. 2018 நவம்பரில் பாரடைஸ் நகரை அழித்த காட்டுத்தீயின் புகை சான் பிரான்சிஸ்கோ பகுதி வரை பரவிப் பள்ளிகள் மூடப்பட்டதை எண்ணிப் பார்த்தால், நல்ல ஃபில்டரின் அவசியம் புரியும். ஆனால், ஓரங்குல ஃபில்டருக்காகச் செய்யப்பட்ட பழைய கருவியில் அடர்த்தி மிகுந்த ஒன்றைத் திணித்தால் விசிறி திணறிக் காற்று குறைந்துவிடும். மாற்றிய பின் காற்றின் அளவைச் சோதிப்பது கட்டாயம். புகை சூழ்ந்த நாள்களில் ஃபில்டரை வாரத்துக்கு ஒருமுறையேனும் கழற்றிப் பார்ப்பதும், நச்சுப் புகையின் உச்ச வேளையில் வெளிக்காற்று டேம்பரைத் தற்காலிகமாகக் குறைப்பதும் தேவைப்படலாம். குறைத்த டேம்பரைப் புகை விலகியதும் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால், அந்தப் பருவம் முழுவதும் அறை மூச்சுமுட்டும்.

வெளிப்புறக் காயிலில் வெட்டிய புல்லும் சருகும் சாம்பலும் ஒட்டிக்கொள்வது திடலோர வகுப்பறைகளின் நிரந்தரத் தொல்லை. வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் உயர, பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்; கோடைப் பிற்பகலில் மட்டும் நின்றுபோகும் கருவியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, காற்று வந்த திசைக்கு எதிர்த்திசையில் மெதுவான நீர்த்தாரையால் கழுவ வேண்டும்; மெல்லிய அலுமினியத் தகடுகள் அதிவேக நீரில் மடங்கி, அழுக்கைவிட மோசமாகக் காற்றை அடைத்துவிடும். உட்காயிலிலிருந்து வடியும் நீரைச் சேர்க்கும் தட்டும் டிரெய்ன் குழாயும் பாசி படிந்து அடைத்தால், நீர் சுவருக்குள் இறங்கும். இடமாற்று வகுப்பறையின் சுவர் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும்தான். சுவரில் பழுப்புக் கறை தெரியத் தொடங்கும்போது உள்ளே பூஞ்சை வளர்ந்திருக்கக்கூடும். ஒரு குவளை நீரைத் தட்டில் ஊற்றி, அது குழாய் வழியே வெளியே சொட்டுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

மின்பகுதியில் கெப்பாசிட்டரும் கான்டாக்டரும் விரைவில் பழுதாகக் கூடியவை. மோட்டாருக்குத் தொடக்க விசை தரும் கெப்பாசிட்டரின் தலைப்பகுதி உப்பியிருந்தால் மாற்றிவிட வேண்டும். கம்ப்ரஸருக்கான மின் இணைப்பைத் திறந்து மூடும் கான்டாக்டரின் முனைகள் கருகியிருக்கின்றனவா, எறும்புகள் நடுவில் நசுங்கிக் கிடக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்ற பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் இவ்வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. கம்ப்ரஸர் நின்றதும் உடனே மீண்டும் இயங்காமல் சில நிமிடங்கள் காத்திருப்பது பழுதல்ல. உள்ளழுத்தம் சமமாவதற்காக வைக்கப்பட்ட தாமதம் அது. குளிர்காலக் காலையில் வெளிப்புறத்திலிருந்து வெண்புகை எழுவதும் தீயல்ல. ஹீட் பம்ப் தன் வெளிக்காயிலில் படிந்த உறைபனியை உருக்கும்போது எழும் நீராவியே அது.

குளிர்பதன வாயு எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள், கசிவை அடைக்காமல் நிரப்புவது பணத்தையும் வளிமண்டலத்தையும் பாழாக்குவது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் 2020 தொடக்கத்தோடு நின்றுபோயின. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், புவியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேற்பட்டது என்பதால், ஆர்-32, ஆர்-454பி போன்றவற்றுக்கு இடம்விட்டு வருகிறது. இப்புதிய வாயுக்கள் மிதமாகத் தீப்பற்றக் கூடியவை. பழைய கருவியில் இவற்றை மாற்றி நிரப்புவது ஆபத்தானது. எந்த வாயு, எவ்வளவு எடை என்பது கருவியின் பெயர்த்தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்களும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினரும், ஆய்வுக்குச் சற்று முன்னர்தான் புதிய ஏசி பொருத்தப்பட்டிருந்த 11 பள்ளிகளின் 104 வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதி அறைகளில் கருவியிலோ அதன் கட்டுப்பாட்டிலோ ஃபில்டரிலோ குறை இருந்தது. போதிய வெளிக்காற்று பெற்ற அறைகள் மிகச் சிலவே. கருவி புதியது, அறையும் குளிர்ந்தது, ஆயினும் காற்று வரவில்லை. குளிர்ச்சி குறைந்தால் உடனே புகார் எழும். காற்று குறைந்தாலோ பிற்பகல் தூக்கமும் தலைவலியும்தான் மிஞ்சும், அவற்றுக்கு ஏசியைக் காரணமாக எவரும் எண்ணுவதில்லை. கரியமில வாயுவைக் காட்டும் சிறிய அளவுமானியை வகுப்பறைச் சுவரில் மாட்டினால் இக்குறை கண்ணுக்குத் தெரிந்துவிடும்; வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும் அவ்வாயு, முழு வகுப்பு நடக்கையில் 1,100 பங்கைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், விசிறிப் பொத்தான், டேம்பர், அதன் வெளிவலை, ஃபில்டர் என்ற வரிசையில் சோதிக்கலாம். கருவியைப் பொருத்தும் ஒப்பந்தக்காரரிடம், விசிறி ஓடும்போது வகுப்பறையின் நடுவில் எத்தனை டெசிபல், டேம்பர் வழியே நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்ற இரண்டு எண்களையும் அறையிலேயே அளந்து காட்டச் சொல்லி, அவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பின்னரே பள்ளி நிர்வாகம் பணி முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டும்.